பனி ஹாக்கியும் பங்கீட்டுக் கணக்கும்

விடுதியில் என் அறையைப் பகிர்ந்துகொள்பவர் லே நகரத்து நண்பர். வேதியியல் முதுகலை மாணவர். சில நாட்களில் அதிகாலை 4.30 மணிக்கே எழுந்துவிடுவார், படிப்பதற்காக அன்று. ஏப்ரல் மாதத்தில் டொராண்டோ நகரில் இரவு 7 மணி என்றால் நமக்கு அதிகாலை 4.30. அங்கே பனி ஹாக்கி ஆட்டம் தொடங்கும் நேரம் அது. போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஓசைப்படாமல் பார்ப்பார். ஓசைப்படாமல் பார்ப்பது அவர் அணி தோற்கத் தொடங்கும் வரைதான்.

அப்படித் தோற்ற ஒரு நாள், தூக்கம் கலைந்து எழுந்த என்னிடம் அவர் 2019-ஆம் ஆண்டின் பழைய வழக்கொன்றைக் கிளறினார். பயிற்சியாளர் தம் முதன்மை வீரரை ஏன் இன்னும் அதிக நேரம் ஆடவிடவில்லை என்பதே வழக்கு. எனக்கு அப்போது அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாதம் செய்வதற்கு அறிவு தேவை என்று விடுதியில் யாரும் சொன்னதில்லையே! ஒரு வாரம் வாதிட்டோம். அந்த வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வழக்கு ஹாக்கியைப் பற்றியது. அதன் உள்ளே இருப்பது ஒரு நல்ல புள்ளியியல் கணக்கு.

முதலில் ஆட்டம். ஹாக்கி என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவது புல்தரையும் தியான் சந்தும். இது வேறு. பனிக்கட்டித் தளத்தின் மேல், சறுக்குக் காலணி அணிந்து, 'பக்' என்னும் கறுப்பு ரப்பர் வட்டை மட்டையால் தள்ளி ஆடுவது. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: கோல் காப்பவர் ஒருவர், தடுப்பு வீரர் இருவர், தாக்கு வீரர் மூவர். ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி; மொத்தம் 60 நிமிடம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக 12 தாக்கு வீரர்களையும் 6 தடுப்பு வீரர்களையும் கொண்டுவரும். தாக்கு வீரர்கள் மூவர் மூவராக நான்கு வரிசைகள். தடுப்பு வீரர்கள் மூன்று இணைகள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வரிசை வேலியைத் தாண்டி உள்ளே குதிக்கும். மற்றொரு வரிசை மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம்.

ஒரு வரிசை உள்ளே இருக்கும் நேரம் ஏறக்குறைய 45 வினாடி. இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். கிரிக்கெட்டில் ஒருவர் இரண்டு நாள் நின்று ஆடுவாரே, 45 வினாடியில் என்ன களைப்பு என்றேன். நண்பர் சிரிக்கவில்லை. விடுதிப் படிக்கட்டில் நான்கு மாடிகளையும் முழு வேகத்தில் ஏறி இறங்கி வா, பிறகு பேசலாம் என்றார். ஏறினேன். இரண்டாம் முறை ஏறவில்லை.

காரணம் நம் தசைகளின் வேதியியலில் இருக்கிறது. முழு வேகத்தில் உடலைச் செலுத்தும்போது தசை முதலில் செலவழிப்பது கையிருப்பு. பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் அந்தக் கையிருப்பு. பத்து வினாடி முழு விசையில் உழைத்தால் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். பிறகு தசை, ஆக்ஸிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை உடைத்துச் சக்தி பெறுகிறது. அந்த வழியும் நெடுநேரம் தாங்காது. வெளியே வந்து உட்கார்ந்தால் கையிருப்பு திரும்ப ஏறும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் பாதியளவு ஏறிவிடும். முழுமையை நெருங்க மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். முதற் பாதி விரைவாக ஏறுகிறது, மறு பாதி மெதுவாக ஏறுகிறது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது வரிசைகளை எண்ணுவோம். நான்கு வரிசைகளும் சமமாக ஆடினால் ஒருவருக்கு 45 வினாடி வேலை, 135 வினாடி ஓய்வு. மூன்று வரிசைகளை மட்டும் ஆடவிட்டால் ஓய்வு 90 வினாடி. இரண்டே வரிசை என்றால் வேலையும் ஓய்வும் சமம். நடுவரின் விசில் இடையிடையே கொஞ்சம் கூடுதல் ஓய்வு தரும் என்பது உண்மை. ஆனாலும் பயிற்சியாளர் ஒரு வரிசையை உட்கார வைக்கும்போது, மற்ற வரிசைகளின் தசையிலிருந்து கடன் வாங்குகிறார்.

நேரத்தின் கணக்கு இன்னும் எளியது. தாக்கு வீரர் மூவர், 60 நிமிடம். ஆக 180 ஆள்-நிமிடம். பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 15. எந்தப் பயிற்சியாளரும் சமமாகப் பங்கிடுவதில்லை. முதல் வரிசைக்கு 20, இரண்டாவதற்கு 17, மூன்றாவதற்கு 14, நான்காவதற்கு 9 என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாருங்கள், 60 வரும். முதல் வரிசைக்கு இன்னும் மூன்று நிமிடம் கொடுங்கள் என்று கத்துகிற ரசிகர், அந்த மூன்று நிமிடத்தை யாரிடமிருந்து எடுப்பது என்பதையும் சேர்த்துக் கத்தினால் நியாயமாக இருக்கும். பெரும்பாலும் நான்காம் வரிசையிடமிருந்துதான் எடுப்பார்கள். 9 என்பது 6 ஆகும்.

இனி வழக்குக்கு வருவோம். 2019 ஏப்ரல் 23. பாஸ்டன் நகரம். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியும் பாஸ்டன் புரூயின்ஸ் அணியும் முதற் சுற்றில் மோதிய ஏழாவது ஆட்டம், அதற்குமேல் ஆட்டமில்லை. பாஸ்டன் 5-1 என்று வென்றது. டொராண்டோவின் முதன்மையான தாக்கு வீரர் ஆஸ்டன் மாத்யூஸ். அப்போது வயது 21. அன்று அவர் தளத்தில் இருந்த நேரம் 18 நிமிடம் 48 வினாடி. பயிற்சியாளர் மைக் பாப்காக் மீது டொராண்டோ ரசிகர்கள் கொண்ட கோபத்துக்கு இந்த ஓர் எண் போதுமானதாக இருந்தது. பருவம் முடியப்போகும் இரவில், பின்தங்கியிருக்கும் அணி, தன் தலைசிறந்த வீரரைப் பத்தொன்பது நிமிடம்கூட ஆடவிடாதா? என் அறை நண்பர் அப்போது பள்ளிச் சிறுவர். இன்றும் அந்த எண்ணைச் சொல்லும்போது அவர் குரல் மாறுகிறது. அதே ஆண்டு நவம்பரில் பாப்காக் பதவி இழந்தார். புதிய பருவத்தின் 23 ஆட்டங்களே ஆகியிருந்தன. அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது என்பதும் காரணம். பழைய கோபம் மட்டும் அன்று.

பயிற்சியாளருக்காக வாதாட நான் அமர்த்தப்பட்டேன். நண்பர் எதிர்க்கட்சியை எடுத்துக்கொண்டதால் எனக்கு வேறு வழியில்லை. என் முதல் வாதம் இதுதான். மாத்யூஸ் நான்காம் வரிசை ஆட்டக்காரரைவிடச் சிறந்தவரா என்று கேட்பது வீண். அதில் ஐயமே இல்லை. மாத்யூஸின் இருபத்தொன்றாவது நிமிடம், நான்காம் வரிசை ஆட்டக்காரரின் ஒன்பதாவது நிமிடத்தைவிடச் சிறந்ததா? கேள்வி அதுதான். முந்தைய கேள்வி சராசரியைப் பற்றியது. இந்தக் கேள்வி கடைசியாகச் சேர்க்கப்படும் துளியைப் பற்றியது. பொருளியல் மாணவர்கள் இதை இறுதிநிலைப் பயன் என்பார்கள். களைத்த சிறந்தவர், களைக்காத நடுத்தரத்தவரைவிடத் தாழும் இடம் ஒன்று எங்கோ இருக்கத்தான் வேண்டும். அது 19-இல் இருக்கிறதா, 23-இல் இருக்கிறதா என்பதைத்தான் ரசிகரும் பயிற்சியாளரும் வழக்காட வேண்டும்.

மற்றொன்றும் சொன்னேன். ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போது, விருந்தாளி அணி முதலில் தன் வீரர்களை நிறுத்திவிட வேண்டும்; அவர்களைப் பார்த்தபின் சொந்த ஊர் அணி தன் வீரர்களை நிறுத்தலாம். இது விதி. ஏழாவது ஆட்டம் நடந்தது பாஸ்டனில். ஆகவே யாருக்கு எதிராக யார் என்பதில் கடைசிச் சொல் பாஸ்டன் பயிற்சியாளருடையது. இது போக, 'ஐசிங்' என்னும் தவறு செய்த அணி, 2005-06 பருவம் முதல், அந்தக் களைத்த வீரர்களை மாற்றவே முடியாது. பயிற்சியாளர் நினைத்தபடியெல்லாம் நேரத்தைப் பங்கிடலாம் என்பது மேலிருக்கைகளிலிருந்து பார்க்கிறவர்களின் எண்ணம்.

நண்பர் அசையவில்லை. "எண்களைக் கொண்டு வா," என்றார்.

கொண்டு வந்தேன். 2018-19 பருவத்தில் மாத்யூஸ் ஆடியது 68 ஆட்டம், அடித்தது 37 கோல். ஆட்டத்துக்குச் சராசரி ஏறத்தாழ பதினெட்டரை நிமிடம். 2019-20 பருவத்தில் 70 ஆட்டம், 47 கோல். சராசரி ஏறத்தாழ 21 நிமிடம். நேரம் கூடியதால் கோல் கூடியது என்பது பெரிய செய்தி அன்று. பத்து வயல் உழுதவன் எட்டு வயல் உழுதவனைவிட அதிகம் அறுப்பான். மணிக்கு எத்தனை கோல் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். முதற் பருவத்தில் மணிக்கு ஏறத்தாழ 1.76. அடுத்த பருவத்தில் ஏறத்தாழ 1.92. நேரம் கூடியும் வீதம் விழவில்லை, சற்று ஏறியிருக்கிறது. என் கட்சிக்காரருக்கு எதிராக நானே சாட்சி கொண்டு வந்தேன். நண்பர் அன்று எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் தேநீர் ஆறுவதற்குள் எனக்கு ஐயம் வந்துவிட்டது. கூடிய நிமிடங்கள் எந்த வகை நிமிடங்கள்? எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே இருக்கும்போது ஆடும் 'பவர் பிளே' நிமிடத்தில் கோல் அடிப்பது எளிது. பயிற்சியாளரும் பருவத்தின் நடுவே மாறிவிட்டார். வீரருக்கோ ஒரு வயது கூடியிருக்கிறது; 21, 22 என்பது வளர்கின்ற வயது. மூன்று காரணங்கள் ஒன்றாக மாறியபோது ஒன்றை மட்டும் பிடித்துப் புகழ் கொடுப்பது ஆய்வுக்கூடத்தில் செல்லாது. வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுக் கன அளவு மாறியதற்கு வெப்பமே காரணம் என்று எழுதினால் தேர்வாளர் என்ன செய்வார்?

இந்த இடத்தில்தான் விஷயம் உண்மையிலேயே கடினமாகிறது. ஓர் ஆட்டக்காரரின் எண்ணில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அவருடன் ஆடியவர்களுடையது, எவ்வளவு அவரை அனுப்பிய பயிற்சியாளருடையது?

பழைய அளவுகோல் ஒன்று உண்டு: கூட்டல்-கழித்தல். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆடும்போது அணி கோல் அடித்தால் தளத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று கூட்டுவார்கள். வாங்கினால் ஒன்று கழிப்பார்கள். லீக் இதனை 1967-68 முதல் பதிந்து வருகிறது. பாஸ்டனின் பாபி ஓர் 1970-71 பருவத்தில் பெற்ற கூட்டல் 124 இன்றுவரை எவராலும் எட்டப்படவில்லை. ஓர் மாபெரும் ஆட்டக்காரர்தாம். ஆனால் அப்பருவத்தில் அவர் அணி 78 ஆட்டங்களில் 399 கோல் அடித்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்துப் படிக்க வேண்டும். நல்ல ஊரில் குடியிருப்பவனுக்கு ஊரின் பெயரும் சேர்ந்துவிடுகிறது.

கூட்டாளியைப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு அரிது என்பதற்கு வான்கூவர் அணியின் சேதின் சகோதரர்களைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்வீடனில் பிறந்த ஹென்ரிக்கும் டேனியலும் ஒரே கரு இரட்டையர். ஒரே வரிசை, 2000 முதல் 2018 வரை வான்கூவர் அணி. எப்போதும் சேர்ந்தே தளத்துக்கு வருகிற இருவரில் யார் எவ்வளவு என்று கேட்டால், நமக்குக் கிடைப்பது 'அ' கூட்டல் 'ஆ' சமம் 10 என்ற ஒரே சமன்பாடு. அதையே ஆயிரம் முறை எழுதினாலும் 'அ' எவ்வளவு என்று தெரியாது. ஒருவர் இல்லாமல் மற்றவர் ஆட வேண்டும். எந்தப் பயிற்சியாளர் நம் ஆராய்ச்சிக்காக அப்படிப் பிரிப்பார்? 2009-10 பருவத்தில் காயம் பிரித்தது. டேனியல் 63 ஆட்டமே ஆட முடிந்தது. ஹென்ரிக் 82 ஆட்டமும் ஆடி, கோலும் கோலுக்கு உதவியும் சேர்ந்து 112 புள்ளி பெற்று, லீகிலேயே முதலாவதாக வந்தார். தம்பி இல்லாவிட்டால் அண்ணன் இல்லை என்று பேசியவர்கள் அடங்கினார்கள். அடுத்த பருவத்தில் டேனியல் 104 புள்ளியுடன் முதலாவதாக வந்தார்! மறுபக்கத்தாரும் அடங்கினார்கள்.

அதே வான்கூவர் அணியில் மன்னி மல்ஹோத்ரா என்றொருவர். தந்தை வழியில் இந்திய வம்சத்தவர். 2010-11 பருவத்தில் பயிற்சியாளர் அலென் விக்னோ செய்த பங்கீடு சுவையானது. ஆட்டம் எதிரியின் கோல் பக்கத்தில் தொடங்கினால் சேதின்களை அனுப்புவார். தம் கோல் பக்கத்தில் தொடங்கினால் மல்ஹோத்ராவை அனுப்புவார். ஒருவர் மலையடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். மற்றவர் உச்சிக்குப் பக்கத்திலிருந்து ஏறினால் போதும். ஆண்டு முடிவில் இருவர் எண்களையும் ஒரே பட்டியலில் அச்சிட்டு, இவர் அடித்தது இவ்வளவு, அவர் அடித்தது இவ்வளவு என்று ஒப்பிட்டால் மல்ஹோத்ரா என்ன சொல்வார்? சேதின்களுக்கு அந்த உச்சி கிடைத்ததே, அடிவாரத்தில் நிற்க ஒருவர் இருந்ததால்தான்.

இதைவிட எனக்கு உறைத்தது ஒன்று உண்டு. நான்காம் வரிசை ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டத்துக்கு 8 நிமிடம் ஆடுகிறார். இரு அணிகளும் மணிக்கு 3 கோல் அடிக்கும் திறமை உடையவை என்று கொள்வோம். அவர் நிற்கும்போது விழும் கோல் ஆட்டத்துக்குப் பக்கத்துக்கு 0.4. பத்து ஆட்டத்தில் ஆதரவாக 4, எதிராக 4. கதிரியக்க எண்ணியை வைத்துச் சோதனை செய்த இயற்பியல் மாணவர் அனைவருக்கும் தெரியும்: எண்ணிக்கையின் ஊசலாட்டம் அதன் வர்க்கமூலம். 4-க்கும் 4-க்கும் உள்ள வேறுபாட்டின் ஊசலாட்டம் 8-இன் வர்க்கமூலம், அதாவது 2.8. ஆக, எந்தக் குற்றமும் செய்யாத ஒருவர் பத்து ஆட்டத்தில் கழித்தல் 3 என்று நிற்பது முற்றிலும் இயல்பு. ஒரு முழுப் பருவம், 82 ஆட்டம், ஆடினாலும் ஊசலாட்டம் 8. அந்தக் கழித்தல் மூன்றைக் காட்டித்தான் அவரை அடுத்த ஆட்டத்தில் சீருடையின்றி மேலிருக்கையில் உட்கார வைக்கிறார்கள். உட்கார்ந்தவருக்கு எண் ஏறாது. எண் இல்லாதவருக்கு நேரம் கிடையாது.

இதை எழுதும்போது எனக்கு வேறொரு நினைவும் வருகிறது. முன்பு சில மாதம் நான் வேலை செய்த ஓர் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர்க் கருவி ஒன்றே ஒன்று. நல்ல முடிவுகள் தருபவர்களுக்கு அதிக நேரம் என்று பட்டியல் போட்டார்கள். எனக்கு வாரத்துக்கு இரண்டு மணி. இரண்டு மணியில் கருவி சூடேறி, மாதிரியைப் பொருத்தி, அளக்கத் தொடங்கும்போது அடுத்தவர் வாசலில் நிற்பார். என் வரைகோட்டில் உச்சிகள் இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தன. மாதக் கடைசியில் அந்த வரைகோட்டைக் காட்டி நேரத்தை ஒரு மணி ஆக்கினார்கள். பட்டியல் போட்டவர் கெட்டவர் அல்லர். அவரிடம் இருந்த எண் அது.

ஹாக்கி ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். கோல்களை எண்ணாமல், கோலை நோக்கி அடித்த எல்லா அடிகளையும் எண்ணுவது: காப்பாளர் தடுத்தவை, குறி தவறியவை, இடையில் மறிக்கப்பட்டவை எல்லாம். பஃபலோ அணியில் கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சி அளித்த ஜிம் கோர்சியின் பெயரால் இதனைக் கோர்சி எண் என்கிறார்கள். ஓர் அணி மணிக்கு ஏறத்தாழ 55 முறை இப்படி அடிக்கும். நம் எட்டு நிமிடக்காரர் பத்து ஆட்டத்தில் 73 அடிகளைக் காண்பார். நான்கு கோலில் ஊசலாட்டம் பாதி. 73 அடியில் அது எட்டில் ஒரு பங்கு. இரைச்சல் குறைகிறது, உச்சி தெரிகிறது. ஆனால் பத்தடி தூரத்து அடியும் அறுபதடி தூரத்து அடியும் இதில் ஒன்றே. முன்னிலையில் இருக்கும் அணி பதுங்குவதும் பின்தங்கிய அணி அடித்துத் தள்ளுவதும் இந்த எண்ணைக் கோணலாக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கோணுகிறது. நம் சோதனைச்சாலைகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

வாரக் கடைசியில் நண்பரும் நானும் அந்த 2019 ஆட்டத்தின் கோல் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டோம். வழக்கு முழுவதும் மாத்யூஸின் நிமிடங்களைப் பற்றியே நடந்ததால், கோல் அடித்தவர்கள் யார் என்று நான் பார்க்கவே இல்லை. பாஸ்டனின் முதல் கோல் ஜோகிம் நோர்ட்ஸ்ட்ரம். இரண்டாவது மார்க்கஸ் யொஹான்சன். டொராண்டோவுக்கு ஜான் டவாரெஸ் ஒன்று திருப்பினார். பிறகு மூன்றாவது, ஷான் குராலி. கடைசி இரண்டும், டொராண்டோ தன் கோல் காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு தாக்கு வீரரை அனுப்பியபின் காலிக் கோலில் விழுந்தவை. நோர்ட்ஸ்ட்ரமும் குராலியும் பாஸ்டனின் நான்காம் வரிசை. யொஹான்சன் மூன்றாம் வரிசை. ஆட்டத்தை முடிவு செய்த மூன்று கோல்களையும் அடித்தவர்கள், எந்த ரசிகரும் இவர்களுக்கு இன்னும் நேரம் கொடு என்று கேட்காதவர்கள்.

நான் வெற்றிக் களிப்புடன் நிமிர்ந்தேன். "ஓர் ஆட்டம்," என்றார் நண்பர். "மூன்று கோல். வர்க்கமூலம் எவ்வளவு?"

பதில் சொல்லவில்லை. நீயே சொல்லிக்கொடுத்த கணக்கு என்று அவர் சிரித்தார்.

அன்று இரவு அவர் ஊரைப் பற்றிக் கேட்டேன். லே நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,500 மீட்டர் மேலே. குளிர்காலத்தில் குளம் உறைந்ததும் சிறுவர்கள் ஆடத் தொடங்கிவிடுவார்களாம். அவர் ஆடிய தெரு அணியில் மொத்தம் ஒன்பது பேர். ஓர் ஆண்டு எட்டுப் பேர். ஆறு பேர் உள்ளே, மிச்சம் வெளியே. வரிசை என்பதே கிடையாது. சறுக்குக் காலணி எல்லோருக்கும் இல்லாததால், வெளியே வந்தவர் கழற்றிக் கொடுத்தபின் உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்ள வேண்டும்.

"அப்படியானால் யார் எப்போது வெளியே வருவது என்று யார் தீர்மானிப்பது?" என்றேன்.

"மூச்சு," என்றார். சற்றுப் பொறுத்து, "என் அண்ணன் மட்டும் வெளியே வரவே மாட்டார். காலணி அவருடையது," என்றார்.